கிரோன் நோய்க்கு ஊட்டச்சத்துச் சிகிச்சை: நீண்ட காலப் பயன்பாட்டு அனுபவம்

குடலில் நீடித்த அழற்சியை உண்டாக்கும் கிரோன் நோய் உறுதியானதும் எங்கள் மகளுக்கு முதல் சிகிச்சையாகத் தரப்பட்டது ஸ்டீராய்டு அல்ல. வழக்கமான உணவை முழுவதும் நிறுத்திவிட்டு, 6 முதல் 8 வாரம் வரை ஊட்டச்சத்துத் திரவத்தை மட்டுமே அருந்தும் முறை. ஸ்டீராய்டு குழந்தையின் வளர்ச்சியைத் தடுக்கக்கூடியது. இம்முறையோ குடலின் உட்சுவரை ஆற்றுவதோடு எடையையும் மீட்டுத் தருகிறது. ஆனால் அழற்சிக் குடல் நோயின் மற்றொரு வகையான அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்கு இது பலன் தருவதில்லை என்பதால், எந்த வகை என்பது தெளிவாகாமல் இதில் இறங்கக் கூடாது.

"ஒரு வேளை மட்டும் சாப்பிடட்டுமே" என்று உறவினர்கள் இரக்கத்தோடு கேட்பார்கள். 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், திரவத்தை மட்டுமே அருந்திய குழந்தைகளில் 42 சதவீதத்தினருக்கு நோய் தணிந்தது. பாதி திரவம், பாதி விருப்ப உணவு என்றிருந்தவர்களில் 15 சதவீதத்தினருக்கே தணிந்தது. கட்டுப்பாட்டைக் கடைசிவரை காக்க எங்களுக்குத் துணிவு தந்தது இந்த வேறுபாடுதான்.

முதல் வாரம் உண்மையிலேயே கடினம். குமட்டல், பசி, எரிச்சல் எல்லாம் சேர்ந்து வரும். மலம் பச்சை நிறமாகவும் இளகியும் போகலாம். நன்றாகக் குளிரவைத்து, மூடியிட்ட குவளையில் உறிஞ்சுகுழல் போட்டுக் கொடுத்தபோது வாசனை குறைந்து, குடிப்பது எளிதாயிற்று. ஒரே மூச்சில் குடிக்கச் சொல்லாமல், குவளையில் அவளே பென்சிலால் கோடிட்டு, ஒவ்வொரு கோடாக இறக்கிக்கொண்டு வந்தாள். முழுப் புரதம் கொண்ட பாலிமெரிக் வகைத் திரவம் சுவையில் மேல். பலனிலும், புரதம் முழுவதும் உடைக்கப்பட்ட அமினோ அமில வகைக்குக் குறைந்ததன்று. வாயால் குடிக்கவே முடியாத குழந்தைக்கு மூக்குக் குழாய் உண்டு. அதைத் தண்டனை போல் காட்டி மிரட்டுவது எனக்கு உடன்பாடில்லை. மிகவும் மெலிந்துபோன குழந்தைக்குத் திரவத்தை மெல்ல மெல்லத்தான் கூட்ட வேண்டும். இரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் திடீரென இறங்கும் ஆபத்து இருப்பதால் தொடக்க நாட்களில் பரிசோதனை தவறக் கூடாது.

வயிற்று வலி சீக்கிரமே அடங்கியது; ஆனால் வலி அடங்குவதும் அழற்சி அடங்குவதும் ஒன்றல்ல. குடல் அழற்சியைக் காட்டும், மலத்தில் பார்க்கும் கால்புரோடெக்டின் என்ற புரதத்தின் அளவு மெதுவாகவே இறங்கும் என்பதால், அவள் தெம்பாக ஓடியாடியபோதும் மருத்துவர் சொன்ன காலம் முழுவதையும் முடித்தோம்.

என் மதிப்பீட்டில் இதைவிடக் கடினமானது உணவுக்குத் திரும்பும் கட்டம். இத்தனை வாரம் பொறுத்த குழந்தைக்கு எல்லாம் கிடைத்துவிடும் என்ற எதிர்பார்ப்பு எழுகிறது. நோய் திரும்பாமல் காக்கும் பராமரிப்பு மருந்தும் கண்காணிப்பும் அப்போதுதான் மிகவும் தேவைப்படுகின்றன. பின்னொரு முறை நோய் தலைதூக்கியபோது, திரவம் மட்டும் என்பதற்கு அவள் இசையவில்லை. அப்போது கிரோன் விலக்கு உணவுமுறையைத் தேர்ந்தோம்: முதல் 6 வாரம் ஆற்றலில் பாதி திரவத்திலிருந்து, அடுத்த 6 வாரம் கால் பங்கு; கோதுமை, பால் பொருள்கள், எமல்சிஃபயர் (எண்ணெயையும் நீரையும் கலக்கவைக்கும் பொருள்) சேர்த்த பாக்கெட் உணவுகள் கிடையா. மீதியும் விருப்பம்போல் அல்லாமல் வரையறுத்த உணவாக இருப்பதே பழைய பாதிப் பாதி முறையிலிருந்து இதைப் பிரிக்கிறது. 2019-இல் வெளியான ஆய்வில் இதைத் தாங்கிக்கொண்ட குழந்தைகள் 97.5 சதவீதம், முழுத் திரவ முறையைத் தாங்கியவர்கள் 73.6 சதவீதம். மென்று சாப்பிட முடிந்ததே அவளுக்குப் பெரிய ஆறுதல்.

இப்போது மருந்தோடு, அன்றாட ஆற்றலில் ஒரு பகுதியைத் திரவமாகவே எடுத்துக்கொள்கிறாள். உயர வரைபடத்தில் படுத்துக்கிடந்த கோடு மேலேறத் தொடங்கியிருக்கிறது. உணவியலாளர் ஒவ்வொரு சந்திப்பிலும் எடை பார்த்து அளவை மாற்றித் தருகிறார். இந்தக் கணக்கைக் கடையில் கிடைக்கும் பொதுவான சத்துப் பானங்களைக் கொண்டு வீட்டிலேயே போட்டுப் பார்க்க யாரும் முனைய வேண்டாம்.