கடலோர வீட்டுக் கதவில் ஒரு துணி வளையம்: இரண்டு பருவமழைக்குப் பிறகு

டிசம்பரில் குளச்சல் பக்கம் தெருவெங்கும் நட்சத்திர விளக்கு தொங்கும். கதவில் அலங்கார வளையம் மாட்டியிருக்கும் வீடுகளோ அரிது. கடையில் பார்த்தவை பிளாஸ்டிக் இலையும் ஜிகினாவுமாக இருந்தன. விலையும் கைக்கு எட்டவில்லை. அதனால் சென்ற டிசம்பரில் நானே ஒன்று செய்து மாட்டினேன். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நனைந்த பிறகும் அது கதவில்தான் இருக்கிறது.

அடித்தளத்துக்கு எடுத்துக்கொண்டது பானை வைக்கும் கயிற்றுப் பிரிமனை. மண்பானை போனபின் அம்மா வீட்டில் சும்மா கிடந்தது. கனமில்லை, ஊசி எளிதாக இறங்கும். தேங்காய் மட்டையை உப்பங்கழியில் ஊறப்போட்டு எடுக்கிற நார் என்பதால் கடற்காற்று அதை ஒன்றும் செய்யவில்லை. பிரிமனை கிடைக்காதவர்கள் தடித்த கயிற்றை மூன்று சுற்று வளைத்து, மெல்லிய கயிற்றால் இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம்.

வண்ணத்துக்குத் தையல்கடையில் மிஞ்சும் வெட்டுத்துணி. கேட்டால் ஒரு பை நிறையச் சும்மாவே தருவார்கள். இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளத்துக்கு வெட்டி, வளையத்தைச் சுற்றி நெருக்கமாக முடிச்சுப் போட்டேன். தங்கூசி (நைலான் மீன்பிடி நூல்), சூட்டுப்பசைக்கான பசைக்குச்சி எல்லாம் சேர்த்துச் செலவு நூறு ரூபாய்க்குள் அடங்கியது.

வாசலில் வளையம் தொங்கினால் துக்க வீடு என்று நினைப்பார்கள் என மாமியார் தயங்கினார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. வட்டமாகக் கட்டிய பூவை நாம் சவப்பெட்டியின்மேல்தான் அதிகம் பார்த்திருக்கிறோம். எனவே வெள்ளையையும் ஊதாவையும் ஒதுக்கி, மஞ்சள், கிளிப்பச்சை, ரோஜா, ஆரஞ்சு எனத் திருவிழா நிறங்களை மட்டும் வைத்தேன். பூ வடிவமே வேண்டாமென்று கீழே தோரணம்போல் நீளத் துணிகளைத் தொங்கவிட்டேன். பிறகு அத்தையே ஒரு சிவப்பு ரவிக்கைத் துண்டைக் கொண்டுவந்து கட்டினார்.

எது நிலைத்தது என்பதுதான் முக்கியம். எங்கள் கதவு மேற்கு பார்த்தது. பிற்பகல் வெயிலில் சூட்டுப்பசை இளகி, அதில் ஒட்டிய சிப்பிகள் மார்ச் முடிவதற்குள் உதிர்ந்தன. துளையிட்டுத் தங்கூசியால் கட்டிய சிப்பிகளில் ஒன்றுகூட விழவில்லை. கட்டுக்கம்பி இந்தக் காற்றுக்கு ஆகவே ஆகாது. துருப்பிடித்துத் துணியில் கறை இறக்கிவிடும். கடலோரத்தில் ஒட்டுவதைவிடக் கட்டுவதும் தைப்பதுமே மேல் என்பது என் உறுதியான கருத்து.

பருத்தித் துண்டுகள் ஆனி, ஆடி மழையில் ஈரம் காயாமல் கரும்புள்ளி பிடித்தன. பாலியஸ்டர் துண்டுகள் சீக்கிரம் உலர்ந்தன, நிறமும் பெரிதாக மங்கவில்லை. மஞ்சள்தூளில் வேகவைத்த பனங்குருத்தோலையில் கிளிகள் முடைந்து செருகியிருந்தேன். பார்க்க அத்தனை அழகு! ஆனால் மஞ்சள் சாயம் வெயிலில் நிற்காது. சில வாரங்களில் வெளுத்துவிட்டது. ஓலை மட்டும் இன்னும் திடமாக இருக்கிறது. சாயமேற்றாத ஓலையே அடுத்தமுறைக்குப் போதும். மார்த்தாண்டம், தக்கலை போன்ற உள்பகுதிகளில் உப்புக்காற்று குறைவு. அங்கேயும் பருத்தியை மழைக்காலத்துக்கு முன் கழற்றிவிடுவது நல்லது.

பராமரிப்பு எளிது. மாதம் ஒருமுறை எடுத்துத் தூசி தட்டுகிறேன். பின்பக்கம் பல்லி ஒதுங்கும், கவனம். அழுக்கேறினால் சோப்பு நீரில் அலசி நிழலில் காயவைக்கலாம்.

கடை வளையத்தில் ஓரிடம் கெட்டால் முழுவதையும் தூக்கி எறிய வேண்டும். இதில் கெட்ட முடிச்சை மட்டும் அவிழ்த்து வேறு துணி கட்டினால் போதும். இந்த டிசம்பருக்குப் பருத்தித் துண்டுகளை மட்டும் அப்படி மாற்றிவிட்டேன். கதவில் ஆணியும் அடிக்கவில்லை. கயிற்றைக் கதவின் மேல்விளிம்பு வழியாக உள்ளே இறக்கித் தாழ்ப்பாளில் கட்டியிருக்கிறேன். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இப்படியே மாட்டலாம்.