சில்வர் பீச்சா, பாண்டியா? கடலூரிலிருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

கடலூரில் இருந்துகொண்டு "பிள்ளைகளை எங்கேயாவது கூட்டிட்டுப் போகலாமே" என்று வீட்டில் பேச்சு எழுந்தால், பதில் பெரும்பாலும் இரண்டில் ஒன்றுதான். தேவனாம்பட்டினத்தில் இருக்கும் சில்வர் பீச், இல்லையென்றால் பாண்டி. இரண்டுக்குமே காசு கொடுத்து உள்ளே போகும் வேலை இல்லை என்ற தெம்பில்தான் கிளம்புகிறோம். ராத்திரி திரும்பி வந்து பார்த்தால் பர்ஸில் சில்லறைதான் மிஞ்சியிருக்கும்.

டிக்கெட் உள்ள இடம் செலவு, டிக்கெட் இல்லாத இடம் மிச்சம் என்ற கணக்கு பிள்ளைகளோடு போகும்போது பலிக்காது. நான் பார்ப்பது வேறு. பிள்ளை நிற்கும் இடத்தில், அதன் கண்ணுக்கு நேராக என்ன விற்கிறார்கள்? அப்பா, அம்மா, நாலாம் வகுப்புப் பையன், நாலு வயதுப் பெண், கையில் 500 ரூபாய். இப்படி ஒரு குடும்பத்தை வைத்துக்கொண்டு ஒவ்வொரு இடமாகப் பார்ப்போம்.

போய்வரும் செலவில் சில்வர் பீச்சை எதுவும் அடிக்க முடியாது. 2021 மே மாதத்திலிருந்து தமிழ்நாட்டு அரசின் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. அரசுப் பஸ்ஸில் ஐந்து வயது வரை குழந்தைகளுக்கும் கிடையாது. ஆக, தேவனாம்பட்டினம் வரை அப்பாவுக்கு ஒரு முழு டிக்கெட், பையனுக்கு ஒரு அரை டிக்கெட், அவ்வளவுதான். பாண்டிக்குப் போவதென்றால் இருபத்துச் சொச்சம் கிலோமீட்டர், ஊர் விட்டு ஊர் போகும் பஸ். அதில் பெண்களுக்கான இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது. தனியார் பஸ்ஸும் நிறைய ஓடும் தடம் அது. தனியார் பஸ்ஸில் சின்னவளுக்கு டிக்கெட் உண்டா இல்லையா என்பது கண்டக்டர் மனசைப் பொறுத்தது.

அப்படியிருந்தும் சில்வர் பீச்சில் காசு கரைவதற்குக் காரணம் நேரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் அந்த மணலில் கால் வைத்துப் பாருங்கள். பஜ்ஜி, சுண்டல், வறுத்த மீன், பஞ்சுமிட்டாய், விளக்கெரியும் பொம்மை, பலூன். நாலடிக்கு ஒரு கடை. பெரியவர்கள் கடலைப் பார்க்கிறோம், பிள்ளைகள் கடையைப் பார்க்கிறார்கள். ஒன்றுக்கு வாங்கிக் கொடுத்தால் இன்னொன்றுக்கும் வாங்க வேண்டும். இருவருக்கும் வேறு வேறு நிறம் வேண்டும்.

அதே பீச்சுக்குக் காலையில் ஆறு மணிக்குப் போனால் செலவே இல்லை. கடை எதுவும் திறந்திருக்காது. மணல் சூடேறாமல் இருக்கும். ஒரு பழைய பிளாஸ்டிக் டப்பாவும் கரண்டியும் இருந்தால் இரண்டு மணி நேரம் குழி தோண்டுவார்கள். எட்டரைக்கு வீட்டுக்கு வந்து இட்லி சாப்பிடலாம். ஒரு விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள்: கணுக்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்க விடாதீர்கள். இங்கே அலை திரும்பும்போது இழுக்கிற இழுப்பு பெரியவர்களையே சாய்த்துவிடும்.

நாலாம் வகுப்புப் பையனுக்கு அங்கே சொல்ல ஒரு நல்ல கதையும் இருக்கிறது. 1690இல் தேவனாம்பட்டினம் கோட்டையை ஆங்கிலேயக் கம்பெனிக்காரர்கள் மராட்டியரிடமிருந்து வாங்கினார்கள். கோட்டையோடு சுற்றியுள்ள ஊர்களையும் சேர்த்துத்தான் விலை. எல்லையை எப்படி அளப்பது? பீரங்கியை வைத்துச் சுட்டார்கள். குண்டு போய் விழும் தூரம் வரை கம்பெனிக்குச் சொந்தம். குண்டுசாலை, குண்டு உப்பலவாடி என்ற பெயர்கள் அப்படி வந்தவைதான். தினமும் குண்டுசாலை வழியே பள்ளிக்கூடம் போகிற பையனாக இருந்தால் வாயைப் பிளந்து கேட்பான். அந்தப் புனித டேவிட் கோட்டையில் இப்போது இடிந்த சுவர்கள்தான் மிச்சம். பெரிதாக ஏதோ இருக்கிறது என்று ஆசை காட்டிக் கூட்டிப் போகாதீர்கள்.

சரி, பாண்டி. கடற்கரைச் சாலையில் சாயங்காலம் ஆறு மணி முதல் காலை ஏழரை வரை வண்டிகளை விடமாட்டார்கள். பிள்ளைகளின் கையை விட்டுவிட்டு நடக்கக்கூடிய ஒரு பெரிய சாலை நம் பக்கத்தில் வேறெங்கே இருக்கிறது? அந்த ஒரு காரணத்துக்காகவே எனக்கு அது பிடிக்கும். ஆனால் அங்கே பெரும்பாலும் பாறைதான். மணலில் விளையாட வேண்டும் என்று அடம் பிடிக்கிற நாலு வயதுப் பிள்ளைக்குக் காந்தி சிலையும் பழைய கலங்கரை விளக்கமும் எத்தனை நேரம் தாங்கும்? கால் மணி நேரம். அப்புறம் ஐஸ்கிரீம். அதுவும் சனி, ஞாயிறில் வெளியூர்க் கூட்டத்துக்கு வைத்த விலையில். அந்தப் பக்கத்து ஓட்டலில் நாலு பேர் உட்கார்ந்து சாப்பிட்டால் நம் 500 அங்கேயே முடிந்தது.

அதனால் பாண்டிக்குப் போவதென்றால் கடற்கரையைக் கடைசியில் வையுங்கள். முதலில் தாவரவியல் பூங்கா. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் உண்டாக்கியது. புதிய பஸ் ஸ்டாண்டில் இறங்கி மறைமலை அடிகள் சாலையில் கிழக்கே நடந்தாலே வந்துவிடும், ஆட்டோ வேண்டாம். பெரிய பெரிய மரங்கள், நல்ல நிழல். குட்டி ரயில் ஓடும் நாளும் உண்டு, ஓடாத நாளும் உண்டு. அதைச் சொல்லி ஆசை காட்ட வேண்டாம். கொஞ்சம் டிக்கெட் காசு கொடுத்து உள்ளே போய்விட்டால் மேற்கொண்டு கை நீட்டிக் கேட்க அதிகம் எதுவும் கண்ணில் படாது. கட்டிக்கொண்டு போன புளிசாதத்தை நிழலில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.

வெயில் தாழ்ந்ததும் ஷேர் ஆட்டோவில் பாரதி பூங்கா. நடுவில் இருக்கும் ஆயி மண்டபத்தின் கதையைச் சொல்லுங்கள்: ஊருக்குத் தண்ணீர் வேண்டும் என்பதற்காக ஆயி என்ற பெண் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாளாம். எதிரே அரசு அருங்காட்சியகம். பாண்டிக்குப் பக்கத்தில் பழைய துறைமுகம் இருந்த அரிக்கமேட்டில் கிடைத்த மணிகளும் ரோமானியர் காலத்துச் சாடிகளின் துண்டுகளும் அங்கே இருக்கின்றன. ஆளை உட்கார வைத்துப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகும் பழைய புஸ்புஸ் வண்டியும் இருக்கிறது. என்னைக் கேட்டால் பிள்ளைகளோடு பாண்டியில் கட்டாயம் போக வேண்டிய இடம் இந்த அருங்காட்சியகம்தான். கட்டணம் சொற்பம், உள்ளே வாங்க எதுவுமில்லை, பையனுக்குக் கேள்விகள் நூறு வரும். திங்கட்கிழமை விடுமுறை. அரிக்கமேட்டுக்கே நேரில் போகலாமே என்று தோன்றும். பிள்ளைகளுக்கு அங்கே பார்க்க ஒன்றும் இல்லை, ஒரு இடிந்த கட்டடமும் தோப்பும்தான்.

மகாத்மா காந்தி சாலையில் நடக்கும் சண்டே மார்க்கெட் ஒரு தனி ஆபத்து. துணிமணி மலிவுதான். பிள்ளைகளுக்கு வீட்டில் போடச் சட்டை, டவுசர் வாங்க வேண்டியிருந்தால் அந்தப் பட்டியலோடு போய் வாங்கி வரலாம், அது நிஜமான மிச்சம். சும்மா சுற்றிப் பார்க்கப் போனால் பொம்மைக் கடையில் மாட்டிக்கொள்வீர்கள்.

படகுச் சவாரி வேண்டும் என்றால் போட்டி சுண்ணாம்பாற்றுக்கும் பிச்சாவரம் அலையாத்திக் காட்டுக்கும். சுண்ணாம்பாறு பக்கம். பாண்டி பஸ்ஸிலேயே நோணாங்குப்பத்தில் இறங்கிக்கொள்ளலாம், பாண்டி ஊருக்குள் போகவே வேண்டாம். படகில் ஆற்றைக் கடந்து முகத்துவாரத்து மணலில் இறக்கிவிடுவார்கள், இடம் அழகு. ஆனால் அங்கே தலைக்கு ஒரு டிக்கெட். நாலு தலை உள்ள குடும்பத்துக்கு அது கட்டுப்படியாகாது, ஞாயிற்றுக்கிழமை வரிசையும் நீளம்.

பிச்சாவரத்துக்குச் சிதம்பரம் போய் அங்கிருந்து இன்னொரு பஸ் பிடிக்க வேண்டும். பயணத்திலேயே பாதி நாள் போகும். சின்னவள் வழியில் தூங்கிவிடுவாள், தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். ஆனாலும் காசு போடுவதென்றால் நான் இதில்தான் போடுவேன். அங்கே கட்டணம் படகுக்குத்தான், தலைக்கு அல்ல. மோட்டார் படகை விட்டுவிட்டுத் துடுப்புப் படகைக் கேளுங்கள். அதுதான் குறுகலான வாய்க்கால்களுக்குள் நுழையும். சுரபுன்னையின் வேர்கள் தண்ணீருக்குள் கால் ஊன்றி நிற்பதைக் கைக்கெட்டும் தூரத்தில் பார்க்கலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர் வரக் காரணமான தில்லை மரமும் இந்தக் காட்டில் உண்டு. அதன் பால் கண்ணில் பட்டால் ஆபத்து என்பதால் கிளையை ஒடிக்க விடாதீர்கள்.

எதற்கும் காசில்லாத மாதக் கடைசி என்றால் திருவந்திபுரம் போதும். டவுன் பஸ், பெருமாள் கோயில், எதிரே குன்றின் மேல் ஹயக்ரீவர். படியேறுவதே பிள்ளைகளுக்கு விளையாட்டு. முகூர்த்த நாளா என்று மட்டும் காலண்டரைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். அன்றைக்கு நடக்கிற கல்யாணக் கூட்டத்தில் பிள்ளையைத் தேடுவதே வேலையாகிவிடும்.