11 ஆண்டுகளாகத் திறக்கும் பழைய பக்கம்

நாசாவின் ‘இன்றைய வானியல் படம்’ தளத்தை 11 ஆண்டுகளாக அநேகமாக நாள்தோறும் திறக்கிறேன். 1995 ஜூன் 16 அன்று ராபர்ட் நெமிராஃப், ஜெரி பானெல் என்னும் இரு வானியலாளர்கள் தொடங்கிய இத்தளம், இன்றும் இணையத்தின் ஆரம்ப கால முகத்தோடுதான் இருக்கிறது. மேலே ஒரு படம், அதன் கீழே ஒரு பத்தி விளக்கம், அந்தப் பத்தி நெடுகிலும் அடிக்கோடிட்ட நீல இணைப்புகள். குக்கிக்கு ஒப்புதல் கேட்கும் பெட்டியோ, தானாக ஓடத் தொடங்கும் விளம்பரமோ குறுக்கிடுவதில்லை. இணைய வேகம் குறைந்த நாள்களில் படம் மெல்ல வந்துகொண்டிருக்கும்போதே நான் விளக்கத்தைப் பாதி படித்துவிடுகிறேன்.

இத்தளத்தில் எனக்கு மிகவும் பிடித்தது முகவரி அமைப்பு. ‘ஏபி’ என்ற இரண்டு எழுத்துக்குப் பின் ஆண்டு, மாதம், நாள் என ஆறு இலக்கங்கள், முடிவில் ஹெச்டிஎம்எல், அவ்வளவுதான். பிறந்தநாளின் தேதியை அதில் தட்டினால் அன்றைய படம் வந்து நிற்கும். 950616 என்று தட்டிப் பார்த்தேன்: பூமி ஒரு நியூட்ரான் விண்மீனின் அடர்த்திக்குச் சுருங்கினால் எப்படித் தோன்றும் என்பதைக் கணினியில் வரைந்த முதல் நாள் படம் வந்தது. ஈர்ப்பு விசையால் ஒளி வளைவதால், ஓரியன் விண்மீன் குழு அதில் இரண்டு முறை தெரிகிறது. அந்தப் பழைய பக்கத்துக்கும் இன்றைய பக்கத்துக்கும் அமைப்பில் பெரிய வேறுபாடு இல்லை. நான் பழகியதை யாரும் இடம் மாற்றவில்லை என்பது எனக்குப் பெரிய நிம்மதி. 2009இல், சொந்தப் பக்கம் அமைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸ் தளம் மூடப்பட்டு எத்தனையோ பேரின் சொந்தப் பக்கங்கள் மறைந்ததை எண்ணினால், ஒரு முகவரி இத்தனை காலம் உயிரோடிருப்பதன் அருமை புரியும்.

இத்தகைய தளங்களில் குறைகளும் உண்டு. பெரிய கணினித் திரைக்கென்று எழுதப்பட்ட பக்கங்கள் பலவற்றைக் கைபேசியில் விரலால் பெரிதாக்கி, இடமும் வலமும் நகர்த்தித்தான் படிக்க வேண்டியிருக்கிறது. அவற்றிலிருந்து வேறு தளங்களுக்குப் போகும் பழைய இணைப்புகள் பலவும் செத்துவிட்டன. அப்படி ஒன்று எதிர்ப்பட்டால் அதன் முகவரியை எடுத்து, பழைய இணையப் பக்கங்களின் நகல்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் இட்டுப் பார்ப்பேன், பல சமயம் கிடைத்துவிடும்.

அன்றைய விளக்கத்தின் அடியில் ‘நாளைய படம்’ என்று இரண்டொரு சொல்லில் ஒரு குறிப்பு இருக்கும். அதோடு அன்றைக்குப் பார்க்க வேண்டியது முடிந்துவிடுகிறது. நானும் பக்கத்தை மூடிவிடுகிறேன்.