'எதிர்ப்பு சக்தி கிட்' என்று அரை மாதச் சம்பளத்தைப் பறித்துக்கொண்டார்கள்: பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

இணையத்தில் 'எதிர்ப்பு சக்தி கிட்' விற்கிற ஒரு பக்கம் என்னுடைய அரை மாதச் சம்பளத்தைச் சுருட்டிக்கொண்டது. பணம் போனால் போகட்டும் என்று சொல்ல மாட்டேன். உழைத்துச் சம்பாதித்த காசு, வயிறு எரியத்தான் செய்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் வேறு. அவர்கள் அனுப்பிய பொடியைக் குடித்து, எழுபதைத் தாண்டிய என் அப்பாவுக்குக் கால் வீங்கி, பிரஷர் எகிறி, ராத்திரியோடு ராத்திரியாக ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். நியாயம் கேட்டதற்கு நேற்று என்னை பிளாக் செய்துவிட்டார்கள். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

பக்கத்தின் பெயரைப் போடவில்லை. இதே வேலையைச் செய்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், ஒரு பெயரை மூடிவிட்டு இன்னொரு பெயரில் திறக்கவும் அவர்களுக்கு அதிக நேரம் ஆகாது. அடையாளத்தைச் சொல்கிறேன், அதை வைத்துக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள். பச்சை நிறத்தில் இலை படம், குணமானவர்கள் பேசுவதாகச் சின்னச் சின்ன வீடியோக்கள், 'நூறு சதவீதம் இயற்கை' என்று பெரிய எழுத்து, வைரஸ் காய்ச்சல் பரவும்போது மட்டும் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிற விளம்பரம். உண்மையிலேயே உடம்புக்கு எது உதவும் என்று டாக்டரிடம் கேட்டதையும் கடைசியில் சொல்கிறேன்.

எங்கும் காய்ச்சலாக இருந்த நேரம். தெரிந்தவர் வீட்டில் ஒருவர், அலுவலகத்தில் இரண்டு பேர் என்று படுத்துக்கொண்டே இருந்தார்கள். அப்பாவுக்கு பிரஷர் உண்டு, வயதும் ஆகிவிட்டது, அவருக்குத் தொற்றிவிடக் கூடாதே என்பதுதான் என் கவலை. அப்போதுதான் அந்த விளம்பரம். 'உங்கள் எதிர்ப்பு சக்தி எத்தனை சதவீதம்? இலவசமாகத் தெரிந்துகொள்ளுங்கள்.' தூக்கம் எப்படி, பசி எப்படி, அடிக்கடி சளி பிடிக்குமா என்று சில கேள்விகள். அப்பாவுக்காகப் பதில் போட்டேன். சிவப்பு வட்டத்துக்குள் 38% என்று வந்தது. கீழே 'ஆபத்து நிலை, எங்கள் ஆலோசகர் உங்களை அழைப்பார்' என்று எழுதியிருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு, அதே பக்கத்துக்குப் போய் எல்லாக் கேள்விக்கும் நல்ல பதிலாகவே கொடுத்துப் பார்த்தேன். நன்றாகத் தூங்குகிறேன், சளியே பிடிக்காது, புகை கிடையாது, தினமும் நடக்கிறேன். அப்போதும் அதே 38% தான் வந்தது! நீங்கள் என்ன பதில் போட்டாலும் அந்த எண் மாறாது. டாக்டரிடம் கேட்டபோது சொன்னார், ரத்தத்தில் வெள்ளை அணுக்களை எண்ணலாம், குறிப்பிட்ட ஒரு கிருமிக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கிறதா என்று பார்க்கலாம், மொத்த எதிர்ப்பு சக்தியையும் ஒரே எண்ணாகச் சொல்கிற பரிசோதனை எங்குமே கிடையாது என்று. அப்படியிருக்க, நாலு கேள்வியை வைத்து ஒரு வயதானவருக்கு ஆபத்து என்று எழுதுகிறார்கள் என்றால் எவ்வளவு துணிச்சல் வேண்டும்.

அந்த ஆலோசகர் பேசியதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் ஆளைச் சாய்க்கிற இடமே அதுதான். விற்பனை செய்கிறவர் மாதிரி அவர் பேசவே இல்லை. "அக்கா, முதல்ல அப்பாவைப் பத்திச் சொல்லுங்க, கிட்டைப் பத்தி அப்புறம் பேசலாம்" என்றுதான் ஆரம்பித்தார். அவசரமே படவில்லை. அப்பா என்ன சாப்பிடுகிறார், எத்தனை மணிக்குத் தூங்குகிறார், ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு, "என்னென்ன மாத்திரை போடறார்?" என்றார். நான் டப்பாவை எடுத்து வந்து பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். நீர் பிரிய வைக்கிற பிரஷர் மாத்திரை அது. அவர் திருப்பிச் சொல்லி, "எழுதிக்கிட்டேன் அக்கா" என்றார். டாக்டர்கள்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்பதில்லையே என்று எனக்குத் தோன்றியது. "அந்த மாத்திரையோட இதைக் குடிக்கலாமா?" என்று நானே கேட்டேன். "தாராளமா. இது மூலிகை அக்கா, பக்க விளைவுன்னு ஒண்ணே கிடையாது. எங்க அப்பாவுக்கும் இதைத்தான் குடுக்கிறேன்" என்றார்.

எங்க அப்பாவுக்கும் என்று சொன்னாரே, அந்த வார்த்தையில்தான் நான் பணத்தைக் கட்டினேன். அரை மாதச் சம்பளம். இரண்டு பேருக்கான 'குடும்பப் பேக்' எடுத்தால்தான் பலன் முழுசாகக் கிடைக்கும் என்றார், ஸ்டாக் தீர்ந்துகொண்டிருக்கிறது என்றார், லிங்க் அனுப்பினார், கட்டிவிட்டேன்.

பார்சலில் ஒரு பெரிய டப்பா பொடி, ஒரு சொட்டு மருந்து, ஜிங்க் மாத்திரை, தண்ணீரில் போட்டால் நுரைத்துக் கரைகிற வைட்டமின் சி மாத்திரை. பொடி டப்பாவில் 'மூலிகைக் கலவை' என்பதைத் தவிர உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதவில்லை. காலாவதித் தேதி இருந்த இடத்தில் ஒரு வெள்ளை ஸ்டிக்கர், அதன் ஒரு மூலை லேசாகத் தூக்கிக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதை நகத்தால் சுரண்டினேன். அடியில் இன்னொரு தேதி. அது எப்போதோ முடிந்துபோயிருந்தது. அந்தத் தேதிக்குப் பக்கத்தில் வேறு ஏதோ கம்பெனியின் பெயரும், பொடியாக அச்சடித்த பொருள் பட்டியலும் இருந்தன. அதிமதுரம், சீந்தில், இன்னும் சில.

அந்தப் பட்டியலைப் பார்த்ததும் டாக்டர் நிமிர்ந்து, "இதை எத்தனை வேளை குடிச்சார்?" என்று கேட்டார். ஆலோசகர் சொன்னபடி காலையும் மாலையும். அப்புறம்தான் அவர் விளக்கினார். அதிமதுரத்தை அளவு மீறி, தொடர்ந்து எடுத்தால் சிறுநீரகம் உப்பையும் நீரையும் உடம்பிலேயே பிடித்து வைத்துக்கொள்ளும், பொட்டாசியத்தை வெளியேற்றிவிடும். பிரஷர் ஏறும், கால் வீங்கும், தசை தளரும். அப்பா போடுகிற நீர் மாத்திரையும் பொட்டாசியத்தை வெளியேற்றுகிற வகைதான். இரண்டும் சேர்ந்தால் பொட்டாசியம் அடிமட்டத்துக்குப் போய் இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். அப்பாவின் ரத்தப் பரிசோதனையில் அதுதான் தெரிந்தது. மாத்திரையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்ட ஒருவர், "தாராளமா" என்றாரே! எழுதவே இல்லையோ, எழுதியும் கவலைப்படவில்லையோ, இரண்டில் எது என்றாலும் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

சீந்தில் விஷயமும் லேசுப்பட்டதில்லை. கொரோனா நேரத்தில் எதிர்ப்பு சக்திக்காகச் சீந்தில் எடுத்துக் கல்லீரல் பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி மருத்துவர்கள் 2021-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். ஜிங்க் மாத்திரை ஒன்றில் 50 மில்லிகிராம், நாளைக்கு இரண்டு போடச் சொல்லியிருந்தார்கள். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 40 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. அதற்கு மேல் தொடர்ந்து போட்டால் உடம்பில் தாமிரம் குறையும், ரத்தசோகை வரும், எந்த எதிர்ப்பு சக்திக்காகப் போட்டோமோ அதுவே குறையும். இந்தக் கணக்கு அந்த 'ஆலோசகர்' யாருக்கும் தெரியாதா?

வைட்டமின் சி பற்றியும் கேட்டேன், அதுதான் கிட்டிலேயே விலை கூடுதல் என்று சொல்லியிருந்தார்கள். இரண்டு நோபல் பரிசு வாங்கிய லைனஸ் பாலிங் 1970-களில் பெரிய அளவில் அதைச் சாப்பிடச் சொன்னதிலிருந்து உலகமே அதன் பின்னால் ஓடுகிறதாம். பிறகு நடந்த ஆய்வுகளையெல்லாம் சேர்த்துப் பார்த்தால், தினமும் போட்டுக்கொண்டாலும் சாதாரண ஆட்களுக்குச் சளி பிடிப்பது குறையவில்லை. பிடித்த சளி கொஞ்சம் சீக்கிரம் விட்டது, அவ்வளவுதான். மாரத்தான் ஓடுகிறவர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்கிற ராணுவ வீரர்கள் மாதிரி உடம்பைக் கடுமையாக வருத்துகிறவர்களுக்கு மட்டும்தான் சளி பிடிப்பதே பாதியாகக் குறைந்தது. உடம்புக்குத் தேவையானது போக மிச்சம் சிறுநீரில் போய்விடும். என் அரை மாதச் சம்பளத்தில் ஒரு பங்கு அப்படித்தான் போனது.

சரி, இனி அவர்கள் என்னைத் தட்டிக்கழித்த கதை. கால் வீங்க ஆரம்பித்த அன்றே அதே ஆலோசகருக்கு போன் செய்தேன். "அது டிடாக்ஸ் அக்கா. உள்ளே இருக்கிற நச்செல்லாம் வெளியே வருது. நிறுத்திடாதீங்க, நிறுத்தினாதான் பிரச்சினை" என்றார். வீக்கம் என்றால் நீர் உள்ளே தங்குகிறது என்று அர்த்தம், எதுவும் வெளியே வரவில்லை. இந்தப் பேச்சைக் கேட்டு அன்று ராத்திரி இன்னொரு வேளையும் குடித்தார் அப்பா. இதை நான் மன்னிக்கவே மாட்டேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டபோது போனை எடுத்தது வேறொருவர். அந்த ஆலோசகர் லீவில் இருக்கிறாராம். விவரத்தைச் சொன்னதும், "உங்க கம்ப்ளெய்ன்ட்டைப் பதிவு பண்ணிட்டோம் மேடம்" என்றார்கள். பிறகு சத்தமே இல்லை. மறுபடி கூப்பிட்டால், "சீல் உடைச்ச பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது மேடம்." சீலை உடைக்காமல் எப்படிக் குடிப்பது? அதையும் கேட்டேன். "பாலிசி மேடம்." மேனேஜரைக் கேட்டால் அவர் எப்போதும் மீட்டிங்கில் இருக்கிறார். கடைசியில் ஒருவர், "எங்க பொருளாலதான் வந்ததுன்னு டாக்டர் எழுதிக் கொடுக்கட்டும், பார்க்கலாம்" என்றார். டாக்டர் எழுதியே கொடுத்தார், அதிமதுரம் உள்ள பொடியால் பொட்டாசியம் குறைந்தது என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் தெளிவாக இருக்கிறது. அதைப் படமெடுத்து, சுரண்டிய ஸ்டிக்கரின் படத்தையும் சேர்த்து அனுப்பினேன். பதில் என்ன வந்தது தெரியுமா? 'உங்கள் அப்பா சீக்கிரம் தேற எங்களின் மேம்படுத்தப்பட்ட கிட், உங்களுக்காக மட்டும் பாதி விலையில்.' அதற்கு நான் எழுதிய பதிலுக்குப் பிறகுதான் பிளாக். பக்கத்தில் போட்டிருந்த என் கமென்டையும் அழித்துவிட்டார்கள். கீழே 'அற்புதம்', 'நன்றி' என்று வரிசையாக இருக்கிற கமென்ட்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன. என்னைப் போல எழுதி அழிக்கப்பட்டவர்கள் எத்தனை பேரோ.

அப்பா இப்போது பரவாயில்லை. பொடியை நிறுத்தி, பொட்டாசியம் கொடுத்து, பிரஷரும் இறங்கிவிட்டது.

இயற்கை வழி என்பதன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அந்தப் பெயரில் பட்டியல் இல்லாத டப்பாவை விற்கிறார்களே, அவர்கள் மேல்தான். டாக்டர் சொன்னதும் இயற்கை வழிதான். முதலில் தூக்கம். 2015-ல் வந்த ஓர் ஆய்வில் 164 பேரின் மூக்கில் சளி வைரஸைச் சொட்டு விட்டுப் பார்த்திருக்கிறார்கள். ஏழு மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களோடு ஒப்பிட்டால், ஆறு மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நாலு மடங்குக்கு மேல் இருந்தது. அப்புறம் வேர்க்கிற அளவுக்கு நடை, உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். காய்கறி, பழம், பருப்பு என்று கலந்து சாப்பிடுவது, புகையை விடுவது. சோப்புப் போட்டு 20 விநாடி கை கழுவுவது, ஏனென்றால் பல வைரஸ்களின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதைக் கரைத்துவிடும். ஜன்னலைத் திறந்து வைப்பது. அந்த நோய்க்குத் தடுப்பூசி இருந்தால் போட்டுக்கொள்வது, அது நம் எதிர்ப்பு சக்திக்கே பயிற்சி கொடுப்பதுதான். இன்னும் நிறையச் சொன்னார், எழுதுகிற பொறுமை இப்போது எனக்கு இல்லை.

அவசரமாகச் சில எச்சரிக்கைகள் மட்டும். எதிர்ப்பு சக்தியைச் சதவீதத்தில் சொல்கிறவனிடம் பேச்சே வேண்டாம். என்னென்ன சேர்ந்திருக்கிறது, எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று எழுதாத டப்பாவைத் தொடாதீர்கள். ஸ்டிக்கர் மேல் ஸ்டிக்கர் இருந்தால் சுரண்டிப் பாருங்கள். பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்க என்று எந்த மாத்திரை போடுகிறவராக இருந்தாலும், மூலிகையே ஆனாலும், உங்கள் டாக்டரிடம் காட்டாமல் கொடுக்காதீர்கள். குடித்த பிறகு எதுவும் சரியில்லை என்றால் உடனே நிறுத்திவிட்டு டாக்டரிடம் போங்கள், விற்றவனிடம் கேட்காதீர்கள். கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் இந்தக் கிட் பக்கமே வேண்டாம்.

ஏற்கெனவே மாட்டியிருந்தால் சாட், பில், டப்பா, பார்சலின் மேல் ஒட்டியிருக்கிற முகவரி எல்லாவற்றையும் இப்போதே படமெடுத்து வையுங்கள். என்னை பிளாக் செய்த கையோடு அவர்கள் அனுப்பிய பல மெசேஜ்களையும் அழித்துவிட்டார்கள். நல்லவேளை, அதற்கு முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்திருந்தேன். அரை மாதச் சம்பளத்துக்கான ரசீதும் டிஸ்சார்ஜ் சம்மரியும் அந்த டப்பாவும் இப்போது ஒரே பையில் இருக்கின்றன. நுகர்வோர் புகாரும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறைக்கு ஒரு புகாரும் எழுதிக்கொண்டிருக்கிறேன். இதே மாதிரி பச்சை இலைப் பக்கத்தில் பணம் கட்டியவர்கள் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள், சேர்ந்தே கொடுக்கலாம்.