பாதுகாப்பு அமைச்சு: ஜனாதிபதியிடமா, தனி அமைச்சரிடமா?

அமைச்சரவை மாற்றம் என்றால் இலங்கையின் வடக்கே, வன்னியில் முதலில் கேட்பது, பாதுகாப்பு யார் கையில் என்றுதான். முல்லைத்தீவின் கேப்பாப்புலவுக் கிராம மக்கள் 2017இல் வீதியில் குந்தியிருந்து கேட்ட காணி படையினரிடம் இருந்தது. இங்கே முன்பள்ளி ஆசிரியர்கள் பலருக்குச் சம்பளமே பாதுகாப்பு அமைச்சின் கீழுள்ள சிவில் பாதுகாப்புத் திணைக்களத்திலிருந்துதான் வந்தது.

பாதுகாப்பு அமைச்சராவதற்கு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தால் போதும், படை அனுபவம் தேவையில்லை. 2001இல் அந்தப் பதவிக்கு வந்த திலக் மாரப்பன முன்னாள் சட்டமா அதிபர். ஆனால் 2003 நவம்பரில் ஜனாதிபதி சந்திரிகா அமைச்சைத் தன் கைக்கு எடுத்துவிட்டார். தனி அமைச்சரின் பலவீனம் இதுதான்.

மற்றது, 2005க்குப் பிறகு வந்த ஏற்பாடு: ஜனாதிபதி மகிந்தவே அமைச்சர், முன்னாள் இராணுவ அதிகாரியான தம்பி கோட்டாபய செயலாளர். முடிவுகள் வேகமாக வந்தன. சரி, அந்த வேகத்தின் விலையை வன்னி 2009இல், போரின் முடிவில் கொடுத்தது. தட்டிக்கேட்க மேலே யாரும் இல்லை.

2022இன் 21ஆம் அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகும் பாதுகாப்பு ஜனாதிபதியிடமே. எனக்குத் தனி அமைச்சர்தான் வேண்டும், அதுவும் சட்டம் தெரிந்த ஒருவர். பிழை விட்டால் அடுத்த மாற்றத்தில் அவரை நீக்கலாம். ஜனாதிபதியை நீக்குவதற்கோ மூன்றில் இரண்டு பெரும்பான்மை வேண்டும்.