வடசென்னைக் கரித்தூசியும் ஒரு சுழல் மாப்பும்

எண்ணூர் விரைவுச் சாலையிலும் திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலும் ஊர்ந்துகொண்டே இருக்கும் கண்டெய்னர் லாரிகளின் புகைக்கரியும், கடற்காற்று சுமந்துவரும் உப்பும் சேர்ந்து, தண்டையார்பேட்டை, இராயபுரம், காசிமேடு பகுதி வீடுகளின் தரையில் நாள்தோறும் ஒரு கறுப்புப் படலத்தை விரித்துவிடுகின்றன. சென்னைத் துறைமுகத்தில் நிலக்கரியைக் கையாளக் கூடாது என்று 2011இல் உயர்நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகும், லாரிகள் இருக்கும்வரை இந்தப் பக்கத்து வீடுகளுக்குக் கரியிலிருந்து முழு விடுதலை இல்லை. உப்பு காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்வதால், இந்தத் தூசி வெறும் மண்ணைப் போலப் பூந்துடைப்பத்துக்கு அடங்குவதில்லை. பெருக்கப் பெருக்கக் கோடுகோடாகத் தரையிலேயே இழுபடும். ஆகவே தினமும் ஈரத்தால் துடைத்தாக வேண்டும். அந்த வேலை வீட்டில் பழக்கமாக நிலைக்கிறதா, நான்கு நாளில் கைவிடப்படுகிறதா என்பதை வைத்துத்தான் துடைக்கும் கருவியை மதிப்பிட வேண்டும் என்பது என் கருத்து.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடையில் சுமார் 1,300 ரூபாய்க்கு வாங்கிய இந்தச் சுழல் மாப்பில், ஒரு பக்கெட், அதன் ஓரத்தில் பொருத்திய எவர்சில்வர் கூடை, நீட்டிக் குறுக்கக்கூடிய கைப்பிடி, மாற்றிப் போட இரண்டு மைக்ரோஃபைபர் துணித்தலைகள் ஆகியவை இருந்தன. நனைத்த தலையைக் கூடையில் வைத்துக் கைப்பிடியை அழுத்தினால், கூடை சுழன்று, மிகுதி நீரை வெளியே தள்ளிவிடும். மைக்ரோஃபைபர் என்பது பாலியெஸ்டரும் பாலியமைடும் கலந்த, தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய இழை. கரித்துகள் அந்த இழைகளின் இடுக்கில் சிக்கிக்கொள்வதால், அன்றாடத் துடைப்புக்குப் பெரும்பாலும் வெறும் தண்ணீரே போதுமானதாக இருக்கிறது. பினாயில் மணம் வந்தால்தான் வீடு துடைத்ததாக நம்புகிறவர்கள் எங்கள் வீட்டிலும் இருக்கிறார்கள். அவர்களுக்காக வெள்ளிக்கிழமைகளில் ஒரு மூடி ஊற்றப்படுகிறது.

இந்தக் கருவியின் உண்மையான பலன் சுத்தத்தைவிடப் பழக்கத்தில்தான் தெரிகிறது. பழைய புடவைத் துண்டை நனைத்துப் பிழிந்து, குந்தியபடியே பின்னோக்கி நகர்ந்து துடைப்பது முழங்கால் வலி உள்ளவர்களுக்குத் தண்டனை. அதனாலேயே அந்த வேலை வீட்டிலுள்ள ஒரே பெண்ணின் தலையில் விழும்; அவருக்கு உடம்பு முடியாத நாளில் தரை அப்படியே கிடக்கும். நின்றபடி செய்யலாம், கையால் பிழிய வேண்டாம் என்று ஆன பிறகு, கல்லூரிக்குப் போகும் பையனும் முணுமுணுக்காமல் துடைக்கிறான். காலையில் மெட்ரோ தண்ணீர் வரும் நேரத்துடன் இதைச் சேர்த்துக்கொண்டோம். ஒருவர் அடிபம்பில் குடங்களை நிரப்பும்போது மற்றவர் துடைத்து முடித்துவிடுவார். தனியாக நேரம் ஒதுக்கித் தொடங்கும் வேலையைவிட, ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒரு வேலையின் கூடவே வைத்த வேலைதான் நிலைக்கிறது. மாப்பைப் பரணில் ஏற்றாமல் கதவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருப்பதும் இதற்காகவே. போகிக்கு வீட்டையே புரட்டிப் போட்டுக் கழுவும் பெருவேலை இதனால் பாதியாகக் குறைந்தது.

குறைகளும் உண்டு, அவை சிறியவையும் அல்ல. ஒரே பக்கெட் என்பதால், துடைத்த தலையை அழுக்குத் தண்ணீரிலேயே மீண்டும் அலச வேண்டியிருக்கிறது. எங்கள் பகுதித் தூசிக்கு ஓர் அறை முடிந்ததுமே தண்ணீர் மை போல ஆகிவிடும். அதை மாற்றாமல் அடுத்த அறைக்குப் போனால், முதல் அறையின் கரியை அங்கே பூசியதாகவே முடியும். தண்ணீர் தட்டுப்பாடான நாட்களில் இது ஒரு சுமைதான். மாற்றும் நீரைக் கழிவறைக்கு ஊற்றிச் சமாளிக்கிறோம். வட்டத் தலை சுவர் மூலைகளை எட்டாது. கைப்பிடியின் நீளத்தைப் பூட்டும் வளையம் சில மாதங்களில் தளர்ந்துவிட்டது. கூடை எவர்சில்வர் என்று பெருமையாக விற்றார்களே தவிர, அடியிலுள்ள திருகுகள் சாதாரண இரும்பு. கடற்காற்றில் அவை துருப்பிடித்து, மொசைக் தரையில் பழுப்புக் கறை விழத் தொடங்கியது. வாங்கும்போது பக்கெட்டைக் கவிழ்த்து அடிப்பாகத்தைப் பாருங்கள்.

துணித்தலையைப் பிளீச்சிங் பவுடரில் ஊறவைத்தாலோ, துணியை மென்மையாக்கும் திரவத்தில் அலசினாலோ, இழை தூசியைப் பிடிக்கும் தன்மையை இழந்துவிடும். சோப்பு நீரில் அலசி வெயிலில் காயவைத்தால் போதும். ஈரத்தோடு விட்டால் நாற்றம் அடிக்கும். பக்கெட்டில் மிச்ச நீரை விட்டுவைப்பது அதைவிட மோசம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, தேங்கிய நீரில் முட்டையிலிருந்து முழுக் கொசுவாக ஏறத்தாழ ஒரு வாரம் முதல் பத்து நாட்களில் வளர்ந்துவிடுகிறது. வீட்டு டிரம்களையும் வாரம் ஒருமுறை காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவும் வழக்கத்தை இதோடு சேர்த்துக்கொள்ளலாம். மாப்புடன் கடைக்காரர் ஓர் ஆசிட் பாட்டிலையும் தள்ளிவிடப் பார்த்தார். போர்வெல் தண்ணீர்க் கறைக்கு அது வேலை செய்யும் என்பது உண்மை. ஆனால் மொசைக்கையும் டைல்ஸ் இடுக்குச் சிமெண்டையும் அது அரித்துவிடும். பிளீச்சிங் பவுடரோடு கலந்துவிட்டால் குளோரின் வாயு வெளியேறி மூச்சையே அடைத்துவிடும்.

இரண்டு மூன்று அறைகள் உள்ள வீட்டுக்கு இதைத் தயங்காமல் பரிந்துரைக்கிறேன். ஒற்றை அறைக் குடித்தனங்களுக்குப் பக்கெட்டே இடத்தை அடைக்கும். அவர்களுக்குக் கம்பில் மாட்டிய தட்டையான மைக்ரோஃபைபர் துணி, பாதி விலைக்கும் குறைவில், போதுமானது. எதை வாங்கினாலும், மாற்றுத் துணித்தலை அதே கடையில் தனியாகக் கிடைக்குமா என்று கேட்டுவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். எங்களுக்கு அது கிடைக்காமல் பாரிமுனை வரை போக வேண்டியதாயிற்று.