சுங்கை சிப்புட்டில் சென்சார் கட்டித் தசை விறைப்பு அளக்கும் சேவை: அறிக்கையின் எந்தப் பக்கத்தை நம்பலாம்?

மலேசியாவின் பேராக்கில் உள்ள சுங்கை சிப்புட் கடைவீட்டு வரிசையில் ஒரு ஃபிசியோ நிலையம், செரிப்ரல் பால்சி (மூளைப் பாதிப்பால் அசைவு தடைப்படும் நிலை) உள்ள பிள்ளைகளின் கால் விறைப்பைக் கருவி வைத்து அளந்து தருகிறது. தோட்டப்புறத்துப் பெற்றோரும் பிடிகே என்ற சமூக மறுவாழ்வு மையப் பிள்ளைகளும்தான் அதிகம் வருகிறார்கள். அளக்கும் கை நல்ல கை. அறிக்கையில்தான் பகட்டு.

கையால் அசைத்துப் பார்த்துப் போடும் வழக்கமான ஆஷ்வர்த் மதிப்பெண், நரம்பால் வரும் விறைப்பையும் தசையே குறுகிப்போன இறுக்கத்தையும் ஒன்றாகக் கலந்துவிடும். இங்கே டார்டியூ முறை. முழங்காலை நீட்டி வைத்துப் பாதத்தை முதலில் மிக மெதுவாக மேலே தள்ளுகிறார்கள். அது எட்டும் எல்லை ஆர்2. பிறகு முடிந்தமட்டும் வேகமாகத் தள்ளும்போது 'டக்'கென்று பிடிக்கும் கோணம் ஆர்1. பாதம் காலுக்குச் செங்குத்தாக நிற்பது 0. ஆர்2 10 டிகிரி, ஆர்1 மைனஸ் 15 என்றால் இடைவெளி 25, நரம்பால் வரும் விறைப்பு அதிகம். விறைப்பைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசியைப் பற்றி டாக்டரிடம் பேசலாம். ஆர்2வே குறைவு, இடைவெளியும் 5தான் என்றால் தசையே குறுகியிருக்கிறது, பேச்சு மாவுக்கட்டு, ஸ்பிளின்ட் பக்கம் போக வேண்டும். முழங்காலை மடக்கியும் ஒருமுறை பார்க்கிறார்கள். அப்போது பாதம் நன்றாக மேலே வந்தால் இறுக்கம் முழங்காலையும் தாண்டிப் போகும் மேலடுக்குக் கெண்டைச் சதையில் இருக்கிறது. அவசரத்தில் பலரும் விட்டுவிடும் படி இது.

கெண்டையில் 2 செ.மீ. இடைவெளியில் எலக்ட்ரோடுகள், பாதத்தில் அசைவுச் சென்சார், உள்ளங்காலில் தள்ளும் விசையை அளக்கும் லோட் செல். விசையைக் கணுக்காலிலிருந்து லோட் செல் வரை உள்ள தூரத்தால் பெருக்கினால் முறுக்குவிசை வரும். பாதத்தின் எடை, வேகம் மாறுவதால் வரும் நிலைம எதிர்ப்பு, மெதுவான தள்ளலில் தெரிந்த எதிர்ப்பு மூன்றையும் கழித்தால் மிஞ்சுவது பெரும்பாலும் நரம்பின் பங்கு. அதே நொடியில் தசையின் மின் துடிப்பைக் காட்டும் இஎம்ஜி கோடும் எழ வேண்டும். எழாவிட்டால் அந்த எண்ணை விறைப்பு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

குறை இங்கேதான். எல்லாப் பிள்ளைக்கும் அந்தத் தூரம் 12 செ.மீ. என்றே போடுகிறார்கள். உண்மையில் 11 என்றால் 50 நியூட்டனுக்கு 5.5 நியூட்டன் மீட்டர் வர வேண்டியது 6 என்று வரும், அதாவது 9 சதவீதம் கூடுதல். டேப் வைத்து அளக்கச் சொல்லுங்கள். இரு கால்களையும் ஒரே வேகத்தில் தள்ளினார்களா என்றும் பாருங்கள். வேகம் மாறினால் ஒப்பிட முடியாது. ஏர்கான் வேறு எலும்பைத் துளைக்கிறது. குளிரும் பயமும் விறைப்பைக் கூட்டும், போர்வை எடுத்துப் போங்கள்.

அறிக்கையின் கடைசியில் வரும் வண்ண முப்பரிமாணப் படம், ஓப்பன்சிம் என்ற இலவச மென்பொருளில் பெரியவர் எலும்புக்கூட்டைப் பிள்ளையின் அளவுக்குச் சுருக்கிச் செய்தது. இந்தப் பிள்ளைகளில் பலருக்குத் தொடை எலும்பே முறுகியிருக்கும். எம்ஆர்ஐ போன்ற ஸ்கேன் இல்லாமல் அந்த முறுக்கு மாடலில் சரியாக ஏறாது. அதில் உள்ள தொடைத் தசை நீளத்தை வைத்து அறுவைச் சிகிச்சைப் பேச்சை எடுக்காதீர்கள்.

போகிற அன்று காலில் நல்லெண்ணெய் தேய்க்க வேண்டாம், எலக்ட்ரோடு ஒட்டாது. விறைப்பைத் தளர்த்தும் பேக்லோஃபென் மருந்தை எத்தனை மணிக்குக் கொடுத்தீர்கள், கடைசி போட்டாக்ஸ் ஊசி எப்போது என்று எழுதிக் கொடுங்கள். மூலப் பதிவுகளைப் பென்டிரைவில் கேட்டு வாங்குங்கள், கேட்டால்தான் தருகிறார்கள்.